விட்ட இடத்திலிருந்து

எங்கள் மொறிஸ் மைனரில் மீற்றர் என்று இருப்பது ஒன்றேயொன்றுதான். அதுவும் சாரதிக்கு நேர் முன்னால் இல்லை. டாஷ்போர்டின் நட்டநடுவில், இரண்டு பக்கமும் சாமான் வைக்கும் தட்டுகளுக்கு இடையில், தேநீர்ச் சோசர் அளவில் ஒரு வட்டம். மேலே வேகம், அதற்குக் கீழே ஓடிய மைல்களின் கணக்கு, அடியில் பெற்றோல் முள். மீற்றர் நடுவில் இருப்பதால் சுக்கான் எந்தப் பக்கம் இருந்தாலும் அதே பலகை பொருந்தும். எனக்கு அதனால் வேறொரு நன்மை கிடைத்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பத்து, இருபது, முப்பது என்று பத்துப் பத்தாக எண்ணக் கற்றது அந்த வட்டத்தைப் பார்த்துத்தான்.

2017 ஆவணியில் அதைக் கழற்றி, விறாந்தையில் விரித்த பழைய பேப்பரில் வைத்தபோது கணக்கு 67,438 மைலில் நின்றது. அந்த எண்ணை எனக்கு முன்பே தெரியும். 1992இலிருந்து அது அப்படியேதான் நிற்கிறது.

மீற்றரின் முகத்தில் ஸ்மித்ஸ் என்ற பெயர் இருக்கிறது. சாமுவேல் ஸ்மித் 1851இல் லண்டனில் மணிக்கூட்டுக் கடை திறந்தவர். அவருடைய குடும்பத்தார் 1904இல் ஏழாம் எட்வர்ட் அரசரின் காருக்கு வேகமானி செய்து கொடுத்தார்கள். மணிக்கூடு செய்தவர்கள் வேகமானிக்கு வந்ததில் வியப்பில்லை. இரண்டின் உயிரும் மயிரிழைபோன்ற ஒரு சுருள்வில்லில் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டனின் கிறிக்கிள்வுட்டில் அவர்களுடைய பெரிய தொழிற்சாலை எழுந்தது. பிறகு பல பத்தாண்டுகள் பிரித்தானியக் கார் ஒன்றின் டாஷ்போர்டைப் பார்த்தால் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் கண்ணில் படும்.

காருக்குத் தனிக் கதை உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறதென்று அதை நெடுக்காக இரண்டாக வெட்டி, நடுவில் நாலு அங்குலம் சேர்த்தார் அவர். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அதன் உருவமே பிடிக்கவில்லை. ஆனாலும் பத்து இலட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். எங்களுடையது 1958இல் ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்திலுள்ள கவ்லித் தொழிற்சாலையில் பிறந்து, கப்பலில் கொழும்புக்கு வந்தது. 948 சீசீ எஞ்சின். வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் புகுத்தியதற்கு எதிராக வடக்கில் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த எழுத்தோடுதான் எங்கள் கார் பதிவாகியிருக்கிறது.

அப்பப்பா அதை 1966இல் கொழும்பில் ஒருவரிடம் வாங்கினார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதிய கார்களின் இறக்குமதி ஒடுங்கிப்போயிருந்த காலம். இருப்பதைப் பேணி ஓடுவதைத் தவிர ஆருக்கும் வேறு வழியில்லை. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொறிஸும் அத்தனை காலம் உயிரோடு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்பப்பா பள்ளிக்கூட வாத்தியார். பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி, மைல், கலன் மூன்றையும் எழுதுவார். முதல் வரியில் 31,206 என்று இருக்கிறது. மாட்டுவண்டிபோலச் சீராகப் போகும் அந்த எண்களில் அவருடைய வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மைல் கூடும், பரீட்சைக் காலத்தில் குறையும். 1984இல் அவர் போனபிறகு கையெழுத்து அப்பாவுடையதாக மாறுகிறது.

1990 ஆனியில் 67,102. அதற்கு எதிரே கலன் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது.

போரோடு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும் அரிதான அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். அமுக்கம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கிக்கொண்டன. எங்கள் வீட்டுமுறை இதுதான்: தாங்கியில் மண்ணெண்ணெய். தனியாக ஒரு மருந்துப் போத்தலில் பொன்னைப்போலப் பாதுகாத்த பெற்றோல். கார்பரேற்றரின் வாயில் அதைச் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கார் கறுப்பாகப் புகைக்கும். ஏறி இறங்கியவர்களின் உடுப்பெல்லாம் குசினி விளக்குபோல மணக்கும். பெற்றோல் முள் மட்டும் ஒன்றும் அறியாததுபோல வழக்கப்படி ஏறி இறங்கியது. தாங்கிக்குள் இருக்கும் மிதவைக்குப் பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

1992இல் மீற்றர் கேபிள் அறுந்தது. கியர்பெட்டியிலிருந்து மீற்றர்வரை ஓடும் முறுக்குக் கம்பி அது. மாற்றுக் கம்பிக்கு எங்கே போவது? அந்தக் காலத்தை நினைக்கும்போது மனம் ஆறாத ஒரு செய்தியைப் பின்னாளில் அறிந்தேன். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களுக்கென்றே நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், அதே தொண்ணூறுகளில் தென்னிலங்கையில் கூட்டுத்தொழில் தொடங்கி, பிரித்தானிய மைனர்களுக்கு உதிரிப் பாகங்கள் செய்வித்தார். ஒரே தீவின் ஒரு முனையில் மைனரின் உடல் தகடுகள் கப்பலேறின. மறுமுனையில் எங்களுக்கு ஒரு முழக் கம்பி கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து முள் அசையவில்லை. வேகத்தைச் சத்தத்தைக்கொண்டே அறிவேன் என்றார் அப்பா. அது பெரிய குறையாகவும் இருக்கவில்லை. குழியும் பள்ளமுமான ஒழுங்கைகளில் வேகம் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை.

1995 ஐப்பசி 30ஆம் திகதி, போர் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்குப் போனது. அந்த இரவைப் பற்றி எழுதுவதற்கு நான் இப்போது உட்காரவில்லை. மீற்றரைப் பற்றி எழுத வந்தவன் அதைத் தாண்டிப் போகவும் முடியாது. எனக்குப் பன்னிரண்டு வயது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் இலட்சக்கணக்கான சனம். காருக்குள் அம்மா, தங்கை, அப்பம்மா, பக்கத்து வீட்டுக் கிழவி, இரண்டு மூட்டை அரிசி. காரின் முன் மூக்கு ஆருடையதோ முதுகில் முட்டாமல் அப்பா ஓட்டினார். சில இடத்தில் எஞ்சினை நிறுத்தி நானும் மாமாவும் தள்ளினோம். விடியும்போதும் நாங்கள் சாவகச்சேரிக்குப் போய்ச் சேரவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தபோது மீற்றரில் 67,438 என்றுதான் இருந்தது. காலையிலும் அதேதான். அவ்வளவு தூரம் வந்தும் இது ஏன் எண்ணவில்லை என்று அப்பாவிடம் கேட்டதும், அவர் பதில் சொல்லாததும் நினைவிருக்கிறது.

1996இல் திரும்பி வந்த கார், அதன்பிறகு கொஞ்சக் காலம் ஓடி, வளவுக்குள் கிடுகுக் கொட்டிலில் நின்றுவிட்டது. 2017இல் அதை மறுபடி ஓட வைக்க எஞ்சின், பிரேக், அடித்தட்டு எல்லாவற்றையும் திருத்திய கதையை இங்கே விடுகிறேன். அவை கராஜ்காரரின் வேலை. மீற்றர் என் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கழற்றுமுன் பற்றரி வயரை எடுத்துவிட வேண்டும். பின்பக்கம் கையை விட்டு, கேபிளைப் பிடித்திருக்கும் நெளிவிளிம்பு நட்டைத் திருகி எடுத்து, சிறு பல்புகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். எந்த வயர் எந்த இடம் என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினேன். கண்ணாடி உட்புறம் பால் படிந்ததுபோல மங்கியிருந்தது. பொன்னும் பழுப்பும் கலந்த முகம் அடிப்பகுதியில், பெற்றோல் முள்ளைச் சுற்றி, பொருக்கு விட்டிருந்தது. இருபது ஆண்டு மாரி ஈரம் கீழேதான் தங்கியிருக்கிறது. நாற்பதில் நாலின் கால் இல்லை. ஐம்பதில் பூச்சியம் பாதி. முள்ளின் பூச்சு உரிந்து வெறும் உலோகம் தெரிந்தது.

முகத்தை முழுதாகப் புதுப்பிக்க வழி இருக்கிறது. படம்பிடித்து, கணினியில் வரைந்து, பட்டுத்திரை அச்சில் புதிய முகமே அடித்துத் தருவோர் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். நேற்றுக் கடையில் வாங்கியதுபோல வரும். அதற்குக் காசும் எடுத்து வைத்திருந்தேன். அதற்குமுன் உள்வேலைக்காக அப்பாவோடு ஒரு மணிக்கூடு திருத்துபவரிடம் மீற்றரைக் கொண்டுபோனேன். நகரத்தில் நாற்பது வருடம் அதே வேலை செய்து, இப்போது வீட்டில் வைத்துப் பார்ப்பவர். எழுபத்தைந்து வயதிருக்கும். நான் கையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுபோனதைக் கண்டதும் மறித்தார்.

“தம்பி, ஸ்பிரிட் தொடாதையும். இலக்கம் எல்லாம் பஞ்சோடை வந்திடும்.”

அது உண்மை. முகத்தின் நிறம் ஒரு படை, இலக்கங்கள் அதன்மேல் அச்சிட்ட மெல்லிய வேறொரு படை. மேற்படை ஸ்பிரிட்டுக்குக் கரைந்துவிடும். வடித்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, பிழிந்து, ஓரத்தில் ஓரிடத்தில் சோதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் அரை மணித்தியாலம் உருட்டி உருட்டித் துடைத்தார். அழுத்தவேயில்லை. பழுப்புப் பஞ்சு குவிந்தது. நான் அழுக்கு என்று நினைத்த பாதி, மண்ணெண்ணெய்ப் புகை.

இன்னொன்றும் கேட்டார். “இது இருட்டிலை தானாய் மினுங்குமோ?” இல்லை என்றேன். பழைய விமான மீற்றர்களிலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சில கார் மீற்றர்களிலும் இலக்கங்களுக்கு ரேடியம் பூசியிருப்பார்கள். மினுக்கம் சில பத்தாண்டில் அற்றுப்போகும். ரேடியத்தின் கதிர்வீச்சோ பாதியாகவே 1,600 ஆண்டு எடுக்கும். தடித்த, பழுப்பேறிய இலக்கங்களைக் கண்டால் சுரண்டவோ ஊதவோ கூடாது, திறக்காமலே மூடிவிட வேண்டும். அந்தத் தூசு உடலுக்குள் போனால் எலும்பில் தங்கிவிடும். பழைய மீற்றர் திறக்கிற எவரும் மறக்கக் கூடாத விஷயம் இது.

பிறகு முள்ளை எடுக்கும் வேலை. அவர் அதை உடனே இழுக்கவில்லை. ஊசிமுனையால் மெதுவாகத் தூக்கி, அது சாய்ந்திருந்த சிறு முளையைத் தாண்டி மறுபக்கம் விட்டார். முள் முளைக்குக் கீழே சிறிது தூரம் இறங்கித் தானாக நின்றது. அந்த இடத்தைப் பென்சிலால் குறித்தார். முள்ளின் இயல்பான ஓய்விடம் முளை இல்லை, அதற்கும் கீழே. சுருள்வில் அதை எப்போதும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது. முளை அதைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் கார் மிக மெல்லமாக ஊரும்போது முள் எழும்பாது. வில்லின் அந்த இழுப்பை வெல்லுமளவு வேகம் வந்தபிறகுதான் முளையை விட்டு நகரும். இந்தக் குறியை வைக்காமல் முள்ளைப் பிடுங்கியவர்கள், திரும்பப் பூட்டும்போது எந்தக் கோணத்தில் பூட்டுவதென்று தெரியாமல் திண்டாடுவார்கள்.

உள்ளே பார்த்தால் எளிமை ஆச்சரியப்படுத்துகிறது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்துக்கு மிக அருகே, ஆனால் அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழி மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை கிண்ணத்தைத் தம்மோடு இழுக்கின்றன. இழுக்க இழுக்கச் சுருள்வில் மறிக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மானியரான ஒட்டோ ஷூல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்ற வழி இது. ஒரு நூற்றாண்டுக்குக் கிட்ட உலகம் இதை வைத்தே வேகம் பார்த்தது.

எங்கள் காந்தத்தில் பழைய கிறீஸ் கெட்டியாகிக் கிடந்தது. கேபிளுக்கு யாரோ தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். முறுக்குக் கம்பி சுழலும்போது கிறீஸைப் படிப்படியாக மேலே ஏற்றி மீற்றருக்குள் கொண்டுபோய்விடும். புதிய கேபிளுக்கு மேல் முனையில் ஒரு சாண் உலர்ந்தபடி விட்டு, மிச்சத்துக்கு மட்டும் மெல்லப் பூச வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். கிண்ணத்தைக் கழுவி, அச்சுக்கு ஊசிமுனையில் ஒரேயொரு துளி மணிக்கூட்டு எண்ணெய் விட்டார்.

எண் உருளைகள் ஐந்தையும் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: “பூச்சியத்துக்குக் கொண்டுவந்து விடட்டோ? எல்லாம் புதுசாக்கிறியள், இதையும் புதுசாக்கலாம்.”

“வேண்டாம் அண்ணை. விட்ட இடத்திலை இருந்து எண்ணட்டும்.”

எனக்கு வேறொரு எண்ணம் இருந்தது. எண்ணாமல் விட்ட மைல்களைக் கூட்டி, சரியான கணக்கில் வைத்தால் என்ன? உருளைகள் வெளியே இருக்கின்றன, விரலால் திருப்பினால் முடிந்தது. அன்றிரவு அப்பாவும் நானும் கொப்பியின் கடைசித் தாளில் எழுதிப் பார்த்தோம். அப்பம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தடவைகள். விறகுக்குப் போனது. ஒரு பிரசவம், நள்ளிரவில், விளக்குப் போடாமல். சாவகச்சேரி. திரும்பி வந்தது. எழுத எழுத நீண்டது. இருநூறு மைல் என்றேன். நானூறுக்குக் குறையாது என்றார். விடுபட்டவை நினைவுக்கு வரவர எண் மாறியது. கடைசியில் பேனையை மூடிவிட்டு, “அது காணாததை நாங்கள் அதின்ரை வாயாலை சொல்லக் கூடாது” என்றார். உருளைகளை நாங்கள் தொடவில்லை. அந்தப் பட்டியல் கொப்பியில் இருக்கிறது, கூட்டுத்தொகை போடாமல்.

அன்றோடு புதிய முகம் வாங்கும் ஆசையும் எனக்கு விட்டுப்போயிற்று. எழுத்து எங்கே போனதோ அங்கே மட்டும் எழுதினால் போதும்.

எழுதியவர் கடைப் பலகைகளுக்கும் கோயில் அறிவித்தல்களுக்கும் எழுதி வந்த ஓவியர். இப்போது எல்லாம் அச்சு பனர். அவருடைய தூரிகைகள் ஒரு தகரப்பெட்டிக்குள் எண்ணெய் பூசிக் கிடந்தன. முதல் நாள் எழுதவேயில்லை. நிறத்தை மட்டும் கலந்தார். சோடா மூடிகளில் மஞ்சள், பழுப்பு, துளி கறுப்பு எனாமல். பழைய கண்ணாடித் துண்டில் பூசி, காயவிட்டு, முகத்தோடு வைத்து வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை பார்த்தார். ஈர நிறமும் காய்ந்த நிறமும் ஒன்றல்ல. ஆறாவது மூடியில்தான் தலையசைத்தார். பளபளப்பு அதிகமாகத் தெரியாமல் இருக்கத் தேர்ப்பந்தைன் கூட்டிக்கொண்டார். பொருக்குவிட்ட இடத்தில் ஒட்டாமல் எழும்பியதை மட்டும் கத்திமுனையால் எடுத்து, மிக மெல்லிய நீர்த்தாளால் ஓரத்தைச் சமன்செய்து, இரண்டு படை பூசினார்.

மறுநாள் இலக்கங்கள். ஐந்தாறு மயிர் மட்டுமுள்ள அணில்மயிர்த் தூரிகை. மணிக்கட்டுக்குக் கீழே தாங்குகோல். எழுபதில் உள்ள பூச்சியத்தைச் சுவடெடுக்கும் தாளில் பிரதி எடுத்து, அதை ஐம்பதுக்குக் கொண்டுபோனார். நாலுக்குப் பார்த்து எழுத வேறு நாலு இல்லை. மிஞ்சியிருந்த மேற்பாதியின் சரிவை வைத்தே காலை இறக்கினார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. எனக்குப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது நாலு நின்றது. உற்றுப் பார்த்தால் அந்தக் காலின் அடி மற்ற எழுத்துகளைவிட ஒரு நூல் அகலம். அவருடைய கைக்குப் பழகிய பலகை எழுத்தின் சாயல் அது. திருத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கும்பிட்டேன்.

முள்ளுக்கு ஒரேயொரு மெல்லிய படை. தடித்த பெயின்ற் முள்ளைக் கனமாக்கிவிடும். வாலும் முனையும் சமநிலை குலைந்தால் காட்டும் வேகமும் பிழைக்கும். டப்பாவின் உட்புறத்துக்குப் புதிய வெள்ளை அடித்தேன். வெளியே தெரியாத அந்த வெள்ளையில் பட்டுச் சிதறித்தான் 2.2 வாற் பல்பின் வெளிச்சம் முகம் முழுக்கப் பரவுகிறது. எல்.ஈ.டி. போடச் சொன்னார்கள். அந்த நீல வெள்ளை இந்த முகத்துக்குப் பொருந்தாது.

சரிபார்ப்பது மிச்சம். முகத்தின் அடியில் பொடி எழுத்தில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. ஒரு மைல் ஓடக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது அது. மணிக்கு அறுபது மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். ஆகவே துளையிடும் மெசினால் மீற்றரை நிமிடத்துக்கு அத்தனை சுற்றுச் சுழற்றினால் முள் அறுபதில் நிற்க வேண்டும். எங்களுடையது ஐம்பத்திரண்டில் நின்றது. மணிக்கூட்டுக்காரர் சுருள்வில்லின் பிடியை மயிரளவு நகர்த்தி நகர்த்தி அறுபதுக்குக் கொண்டுவந்தார், மணிக்கூட்டின் வேகத்தைத் திருத்துவதுபோலவே. கியர்பெட்டி அந்த எண்ணுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்த்தோம். பின்சில்லு ஆறு சுற்று வரும்வரை காரை வளவுக்குள் தள்ளி, கேபிள் சுற்றியதை எண்ணி, அதை 1,680ஆல் பெருக்கி, நிலத்திலிருந்து சில்லின் நடுவரை உள்ள அங்குலத்தால் பிரிக்க வேண்டும். முகத்திலிருந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே விடை வந்தது.

புரட்டாதியில் ஒரு ஞாயிறு காலை, சாவகச்சேரிக்குப் போவோம் என்றார் அப்பா. அவருக்கு அறுபத்தேழு. ஓட்டுவது நான், அவர் இடப்பக்கத்தில். கொப்பி மடியில். அரியாலை தாண்டியதும் தெரு திறந்தது. முள் முப்பதைத் தாண்டி, அந்த அகலக்கால் நாலைத் தொட்டு நின்றது. கடைசி உருளை மெல்லச் சுழன்று ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா வேகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கண் பெற்றோல் முள்ளிலேயே இருந்தது.

நாவற்குழிப் பாலத்தில் முன்னால் ஒரு லொறி. அதற்கு முன்னால் உழவு இயந்திரம். வேகம் குறைந்து, குறைந்து, நடக்கிற வேகத்துக்கு வந்தது. முள் இறங்கி முளையில் சாய்ந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: கேபிள் அறுந்திராவிட்டாலும் அன்றிரவு முள் எழும்பியிருக்காது.

“அப்பா, முள்ளைப் பாருங்கோ.”

அவர் முள்ளைப் பார்த்தார், பிறகு அதற்குக் கீழே பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். முள் முளையில் கிடக்க, எட்டு மேலே நழுவி ஒன்பது முழுதாக வந்து நின்றது. பாலம் முடியும்வரை அவர் நிமிரவில்லை. பிறகு கொப்பியைத் திறந்து, 1992க்குக் கீழே ஒரு வரி விட்டு, திகதியையும் 67,439 என்பதையும் எழுதினார்.